தறி வகுப்புக்கு வரட்டும்

(காஞ்சிபுரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பேராசிரியர்களை அழைப்பது வழக்கம். நீங்கள் நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்தி ஓய்வுபெற்ற ஒருத்தியை அழைத்திருக்கிறீர்கள். தொடக்கக் கல்வி பற்றிப் பேச ஆள் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைப் பற்றி ஊரே பேசும். நடுவில் கிடக்கும் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டீர்கள். அதற்கு முதல் நன்றி.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த இந்த ஊர்த் தறியை விட நல்ல கருவி வேறில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் பலரின் படிப்பைப் பறித்ததும் அதே தறிதான். இரண்டும் உண்மை. ஒன்றை மறந்துவிட்டு இன்னொன்றைப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொண்டு வகுப்பு நடத்துவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

1. நடுவில் உள்ள மூன்று வகுப்புகள்

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும், கணக்கு-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர், 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று அதன் அட்டவணை சொல்கிறது. காகிதத்தில் இது போதும். ஒருவர் பயிற்சிக்கும் இன்னொருவர் வாக்காளர் பட்டியல் வேலைக்கும் போன நாளில் மூன்று வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒப்பேற்றிய அனுபவம் இந்த அரங்கில் பாதிப் பேருக்கு இருக்கும்.

காலையில் வழிபாட்டுக் கூட்டம். பிறகு செயலியில் வருகைப் பதிவு. இணையம் வந்தால் சீக்கிரம் முடியும். வராவிட்டால் ஆசிரியர் செல்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி வராந்தாவில் நடப்பார். அதே வளாகத்தில் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் காலை உணவு சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்த நாளில், மதுரையில் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. நல்ல திட்டம். ஆனால் ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு ஏறும் பிள்ளைக்கு அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. ஏப்ரலில் இருந்த பசி ஜூனில் போய்விடுவதில்லை.

இந்த ஊர் வருகைப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு முகூர்த்தப் பஞ்சாங்கம் போல இருக்கும். கல்யாணப் பட்டுக்குத் தறிகள் ஓயாத ஆவணியும் தையும் நெருங்கினால் சில பெயர்களுக்கு எதிரே விடுப்பு விழும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இன்னும் கொஞ்சம் கூடும். பங்குனி உத்திரத் தேருக்கும் விடுப்பு உண்டு, ஆனால் அது மகிழ்ச்சியான விடுப்பு. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அத்திவரதர் 2019-ல் எழுந்தருளிய 48 நாட்களும் ஊர் ஊராக இல்லை. அந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். 1979, 2019, அடுத்து 2059. அன்றைக்கு உங்களுக்கு என்ன வயது? பதினொரு வயதுக்காரர்கள் எல்லாரும் 51 என்றார்கள். “அப்ப உங்களுக்கு, டீச்சர்?” என்றாள் ஒருத்தி. கூட்டல் கணக்கில் அதைவிடக் கடினமான வினா எனக்கு வந்ததில்லை.

பதினொன்று முதல் பதினான்கு வரை உள்ள இந்த வயதை நாம் கவனிக்காமல் விட்டாலும் தறி கவனித்தது. அதற்குக் காரணம் காஞ்சிப் பட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரையின் நிறம் உடலில் கலக்காமல் இருக்க, குறுக்கு இழையான ஊடையைக் கொண்டுபோகும் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வோர் ஊடையிலும் உடல் இழையும் கரை இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோக்க வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளருக்கு மறுபக்கக் கரை நாடாவை எறிய இன்னொரு கை தேவை. அந்தக் கைக்குத் தனிக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் பல வீடுகளில் அது பிள்ளையின் கையாயிற்று. வீட்டில் பிள்ளை இல்லாதவர்கள் முன்பணம் கொடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்தார்கள். முன்பணம் அடைகிற வரை பிள்ளைக்கு விடுதலை இல்லை. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. ஊருக்கு அது பெருமையான செய்தி அல்ல, ஆனால் பொய்யும் அல்ல.

அரசும் தொண்டு நிறுவனங்களும் நடத்திய சிறப்புப் பள்ளிகள் வழியாக அந்தப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். இன்று பிள்ளையார்பாளையத்திலோ ஓரிக்கையிலோ பகல் நேரத்தில் தறியில் பிள்ளையைப் பார்ப்பது அரிது. ஆனால் 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்துவிட்டு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. விடியற்காலையில் நாடாவுக்கான நூலைத் தார் சுற்றிவிட்டு வந்து இரண்டாம் பாடவேளையில் தூங்கும் பிள்ளை அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது.

2. 1953

தறியை வகுப்பில் பேசவே இந்த ஊர் ஆசிரியர்கள் நீண்ட காலம் தயங்கியதற்கு ஒரு வரலாறு உண்டு.

1937-ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழிலை நடுவில் வைத்து எல்லாப் பாடங்களையும் அதிலிருந்து கற்பிப்பது, பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டுவது என்பது அவர் எண்ணம். 1953-ல் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி ஊரகத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலில் பழகலாம். பள்ளிகளும் ஆசிரியர்களும் குறைவு, இருப்பதை வைத்து இருமடங்குப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அரசின் வாதம். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். பெரியார் எதிர்த்தார். அண்ணா தலைமையில் தி.மு.க. அந்த ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதுதான். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அண்ணா இந்த ஊர்க்காரர். 1909-ல் நெசவுச் சமூகத்தில் பிறந்து, இங்குள்ள பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்து, நகராட்சியில் சில காலம் எழுத்தராக இருந்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவர். கைத்தறி நெசவாளர்கள் பட்டினியில் கிடந்த அதே 1953-ல் அவரும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தெருவில் கூவி விற்றார்கள். நெசவாளரின் துணியைத் தோளில் சுமந்தவரே, நெசவாளரின் பிள்ளையைத் தறிக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்தார். இதில் முரண் எதுவும் இல்லை. தொழிலுக்கு மதிப்பு வேண்டும், தொழில் பிறப்பால் விதிக்கப்படக் கூடாது என்ற இரண்டும் ஒரே நிலைப்பாட்டின் இரு கூறுகள்.

அந்தப் போராட்டத்துக்குப் பின் பள்ளி என்பது தறியிலிருந்து தப்பிக்கும் இடம் என்று ஆயிற்று. அது நியாயம். ஆனால் அதன் பக்க விளைவாகத் தறியோடு சேர்த்து அதில் அடங்கிய கணக்கையும் வேதியியலையும் வடிவவியலையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். பட்டுக்குப் பெயர்போன ஊரில் சதவீதக் கணக்குக்கு மாம்பழ வியாபாரியும் இரயில் வண்டியும்தான் உதாரணம்.

3. படைப்பாற்றல் கல்வி வந்தது

2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துவந்த ஆசிரியர்களோடு 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். மறு ஆண்டு மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும், 2007-08-ல் மாநிலம் முழுவதற்கும் போனது. தொடக்க வகுப்புகளுக்குப் பாட அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி. அதன் தொடர்ச்சியாக ஆறு முதல் எட்டு வரை வந்தது படைப்பாற்றல் கல்வி. அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், கலந்துரையாடல், எழுதுதல் என்று அதற்குப் படிநிலைகள் உண்டு. ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்தார். எங்கள் தலைமுறைக்கு முட்டி வலித்தது, மனசுக்குப் பிடித்திருந்தது.

அது கொடுத்த பெரிய பேறு, வகுப்பில் பேசும் உரிமை. அதற்கு முன் நல்ல வகுப்பு என்றால் ஊசி விழுந்தால் கேட்க வேண்டும். ஆய்வுக்கு வருகிற அலுவலர் சத்தம் கேட்டால் முகம் சுளிப்பார். இந்த முறை வந்த பிறகு சத்தம் இல்லாவிட்டால் முகம் சுளித்தார்.

சில ஆண்டுகளில் அதுவும் சடங்காயிற்று. எந்தப் பாடமானாலும் நடுவில் ஒரு வட்டம், சுற்றி ஆறு கோடுகள். ஆசிரியர் கரும்பலகையில் போட்ட மனவரைபடத்தை முப்பது பிள்ளைகளும் அப்படியே பார்த்து எழுதுவார்கள். ஒருவர் மனத்தின் வரைபடம் முப்பது குறிப்பேடுகளில்! 2012-13-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. செயல்பாடுகளுக்கு மதிப்பெண் என்றதும் கடைத்தெருவில் ஒரு புதுத் தொழில் முளைத்தது. ‘புராஜெக்ட்’ என்று சொன்னாலே கடைக்காரர் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொடுத்துவிடுவார். பிள்ளை செய்வது ஒட்டும் வேலை, அப்பா செய்வது பணம் கொடுக்கும் வேலை.

இந்த முறைகளைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. எந்த முறையும் மாநிலம் முழுவதற்கும் ஒரே அச்சில் வரும்போது அதற்கு ஊர் இருக்காது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் நம் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அறிவியல் சோதனைகளைப் பெட்டியில் கொண்டுவந்து காட்டுகிறது. வரவேற்கிறேன். பெட்டியில் வராத சோதனை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அதை எடுத்து வைக்க வேண்டியவர் உள்ளூர் ஆசிரியர்.

4. ஐந்து பாடங்கள்

இனி நானும் என் சக ஆசிரியர்களும் நடத்திய சில வகுப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஏழாம் வகுப்பு விகிதம். பட்டு இழையின் பருமனை டெனியர் என்ற அளவால் சொல்வார்கள். 9,000 மீட்டர் நீள இழை எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். 20 டெனியர் இழை ஒரு கிராம் எடுத்தால் எவ்வளவு நீளம்? 9,000-ஐ 20-ஆல் வகுத்தால் 450 மீட்டர். விடை வந்ததும் பிள்ளைகள் நம்பவில்லை. ஒரு கிராமில் பள்ளியைத் தாண்டித் தெருமுனை வரை போகுமா? மைதானத்தின் நீளத்தை அளந்து, எத்தனை முறை போய்வர வேண்டும் என்று கணக்கிட்டு நம்பினார்கள். பிறகு இழை தடித்தால் நீளம் கூடுமா குறையுமா என்றேன். எதிர்விகிதம் என்று நான் சொல்வதற்கு முன்பே ஒரு பையன் கைகளை விரித்தும் சுருக்கியும் காட்டிவிட்டான். அவன் வீட்டில் தறி கிடையாது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார்.

இரண்டாவது, அறிவியலும் சதவீதமும். கூட்டிலிருந்து எடுத்த கச்சாப் பட்டின் மேல் செரிசின் என்ற பசை இருக்கும். சோப்பு நீரில் காய்ச்சி அதை நீக்கினால்தான் பட்டுக்கு மென்மையும் பளபளப்பும். அந்தப் பசை எடையில் ஏறத்தாழ கால் பங்கு. ஒரு கிலோ கச்சாப் பட்டு காய்ச்சிய பின் சுமார் முக்கால் கிலோதான் நிற்கும். போன கால் கிலோவுக்கும் சேர்த்து விலை கொடுத்தவர் யார் என்று வகுப்பு கேட்கும், கேட்க வேண்டும். இதோடு ஓர் எரிசோதனையும் செய்வோம், மணல் தட்டு வைத்து, ஆசிரியர் கையால் மட்டும். பட்டு இழை முடி கருகும் வாடையோடு பொடியாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். இந்தச் சோதனை முடிந்த மறுநாள் பிள்ளைகள் வீட்டுச் சேலை முந்தானைகளில் நூல் உருவ முயல்வார்கள் என்பதையும் எச்சரிக்கிறேன். எனக்குச் சில அம்மாக்களிடமிருந்து புகார் வந்ததுண்டு.

மூன்றாவது, ஆறாம் வகுப்பு சமச்சீர்த்தன்மை. சேலைக் கரை என்பது ஒரே கோலம் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பட்டை. மயில்கண், ருத்ராட்சம், மல்லிமொக்கு, கோபுரம் என்று பெயர்கள் எத்தனையோ. ஆனால் சமச்சீரின்படி பிரித்தால் இப்படிப்பட்ட பட்டைகள் எல்லாமே ஏழே வகைக்குள் அடங்கும். எட்டாவது வகை கிடையாது. கணிதம் நிறுவிய உண்மை இது. பிள்ளைகள் வீட்டிலும் கடை விளம்பரத்திலும் பார்த்த கரைகளைக் கட்டத்தாளில் வரைந்து வருவார்கள். கண்ணாடித் துண்டை நிறுத்திப் பார்ப்போம். இடவலம் மாறுகிறதா? மேல்கீழ் மாறுகிறதா? தலைகீழாகத் திருப்பினால் அப்படியே இருக்கிறதா? கோபுரக் கரையைத் திருப்பினால் கோபுரம் கவிழ்ந்துவிடுகிறது, எனவே அது வேறு வகை. ஏழு வகையும் ஊரில் கிடைக்கிறதா என்பது அந்தப் பருவம் முழுவதும் ஓடிய தேடல். கிடைக்காத வகையைப் பிள்ளைகளே வரைந்தார்கள்.

நான்காவது ஜக்கார்டு. தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் மாலையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். துளை உள்ள இடத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை உயரும். துளை இல்லாத இடத்தில் உயராது. ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜக்கார்டு அமைத்தது இது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு இந்த அட்டையை எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் துளையட்டையால்தான் எண்ணினார்கள். பாடநூலில் ‘தகவல் செயலாக்கம்’ என்று ஓர் இயல் இருக்கிறதே, அதை நடத்த எட்டுக்கு எட்டுக் கட்டத்தாளும் ஒரு பஞ்சிங் கருவியும் போதும். ஒரு குழு அன்னம் வரைந்து அட்டையில் துளையிடும். இன்னொரு குழு அட்டையை மட்டும் பார்த்து அன்னத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு துளை தவறினால் அன்னத்துக்குக் கழுத்து ஒடியும். கணினி நிரலில் பிழை என்றால் என்ன என்று அதற்குப் பிறகு விளக்கத் தேவையில்லை.

இந்தப் பாடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜக்கார்டு வருவதற்கு முன் லியோன் தறிகளில் கோலத்துக்கான இழைகளை இழுத்துத் தூக்கச் சிறுவர்களை அமர்த்தியிருந்தார்கள். அட்டை வந்ததும் அந்தச் சிறுவன் தேவைப்படவில்லை. நம் ஊரில் அட்டை வந்த பிறகும் கரை நாடா எறியும் பிள்ளை தேவைப்பட்டான். ஏன் என்று கேட்டால் எட்டாம் வகுப்பு பதில் சொல்கிறது: ஒரு சிறுவனின் வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டது, இன்னொருவனின் வேலையை எடுக்க யாரும் அவசரப்படவில்லை.

ஐந்தாவது, தறியை விட்டுக் கல்லுக்கு வருகிறது. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மன்னன் வாரிசின்றி இறந்தபோது பெரியவர்கள் இரணியவர்மனிடம் போய் அவர் பிள்ளைகளில் ஒருவரைக் கேட்கிறார்கள். மூத்தவர்கள் மறுக்கிறார்கள். இளையவன் பல்லவமல்லன் நான் போகிறேன் என்கிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன்; அப்போது வயது 12. ஏழாம் வகுப்புப் பிள்ளையை அந்தச் சிற்பத்தின் முன் நிறுத்தி அந்த வயதைச் சொல்லிப் பாருங்கள். இந்தச் சிற்பங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர் மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். 1940-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். நூல் 1941-ல் வெளிவந்தது. எங்கள் பிள்ளைகள் அந்தச் சிற்ப வரிசையைப் படக்கதையாக வரைந்து, மறுத்த அண்ணன்மார் என்ன பேசியிருப்பார்கள் என்று உரையாடல் எழுதினார்கள். அதில் ஒருவன் எழுதிய காரணம்: அங்கே போனால் படிக்க முடியாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டையும் சமூக அறிவியல் ஆசிரியர் இப்படித்தான் நடத்தினார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறித்த, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகள். வகுப்புத் தலைவரை அதே விதிப்படி தேர்ந்தெடுப்போம் என்றார். பிள்ளைகளுக்கு ஏகக் குஷி. பிறகு தகுதியை வாசித்தார். வயது 35 முதல் 70. வரி கட்டும் கால் வேலி நிலம். சொந்த மனையில் வீடு. வேதக் கல்வி. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது. வயதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் வகுப்பில் ஒருவரும் தேறவில்லை. பெண்கள் முதலிலேயே கிடையாது. கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதியை எல்லாரும் பாராட்டினார்கள். மற்ற விதிகளைத் திருத்தித் தங்களுக்கு ஒரு சட்டம் எழுதினார்கள். குடத்தில் கைவிட்டு ஓலை எடுக்க ஒன்றும் அறியாத சிறுவனை நிறுத்துவார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. “அந்தப் பையன் பெரியவனானா நிக்க முடியுமா, டீச்சர்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. யார் வீட்டுப் பையன் என்பதைப் பொறுத்தது என்றார் ஆசிரியர். பழைய காலத்து மக்களாட்சி என்று பெருமை மட்டும் பேசுகிற பாடத்தை விட அந்த ஒரு பதில் அதிகம் கற்பித்தது.

5. எச்சரிக்கைகள்

பிள்ளை வெளியில் கற்ற அறிவுக்குப் பள்ளியில் மதிப்பில்லாமல் போவது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. 1985-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் சந்தையில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளின் கணக்கை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கடையில் கேட்டபோது 98 விழுக்காடு சரி. அதே கணக்குகளை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. பிள்ளைக்குக் கணக்கு தெரியாமலில்லை. நம் தாளுக்கு அந்தப் பிள்ளையைத் தெரியவில்லை. பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே 1920-களில் பிள்ளைகளைக் கொல்லர் பட்டறைக்கும் நெசவாளர் வீட்டுக்கும் அழைத்துப் போய், திரும்பிவந்து அவர்கள் எழுதியதை வகுப்பிலேயே அச்சடித்தார். 1990-களில் அமெரிக்காவின் தூசான் நகர ஆசிரியர்கள் மெக்சிகோ வழிவந்த மாணவர்களின் வீடுகளுக்குப் போய், அங்கே இருக்கும் அறிவைக் குறித்துவந்து பாடமாக்கினார்கள்.

ஆனால் அவர்களுக்கு இல்லாத ஓர் ஆபத்து நமக்கு உண்டு. இங்கே தொழிலுக்குப் பின்னால் சாதி நிற்கிறது. அதனால் மூன்று கட்டுப்பாடுகளை நாங்கள் வைத்துக்கொண்டோம்.

ஒன்று, தறிப் பாடம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கான பாடம் அன்று. ‘உன் வீட்டில்தான் தறி இருக்கிறதே, நீ சொல்’ என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பக் கூடாது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவரின் பிள்ளை, கட்டட வேலைக்கு பீகாரிலிருந்து வந்தவரின் பிள்ளை எல்லாரும் ஒரே குழுவில் உட்கார வேண்டும். அறிவு பிறப்பில் வருவதில்லை என்பதை அந்தக் குழுவே காட்டும்.

இரண்டு, வகுப்பில் செய்யும் எதுவும் விலைக்குப் போகக் கூடாது. காந்தியிடமிருந்து நான் விலகும் இடம் இது. பிள்ளையின் கைவேலைக்கு விலை வைத்துவிட்டால் பிழை செய்யும் உரிமை போய்விடும். கழுத்து ஒடிந்த அன்னம்தான் நிரலைக் கற்பித்தது. விற்பனைக்கு என்றால் அதற்குத் திட்டுதான் கிடைத்திருக்கும்.

மூன்று, தறியைப் பற்றிய பாடம் கூலியைப் பற்றியும் பேச வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு சேலையின் விலையைப் பங்கு பிரித்துப் பார்ப்போம். பட்டு, ஜரிகை, சாயம், நெசவுக் கூலி, கடையின் பங்கு. நெசவுக் கூலியை நாட்களால் வகுத்ததும் வகுப்பு மௌனமாகும். அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: தார் சுற்றிய அம்மாவின் கூலி இதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? எங்கும் இல்லை. தறியின் அழகைப் பாடிவிட்டு இந்தக் கணக்கை மறைத்தால் அது பாடமல்ல, விளம்பரம்.

6. வேண்டுகோள்கள்

முடிக்கும் முன் இந்த அவையிலிருப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள்.

பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு: பயன்பாட்டிலிருந்து கழித்த ஜக்கார்டு அட்டைகளையும் கழிவு நூலையும் நடுநிலைப் பள்ளிகளுக்குக் கொடுங்கள். மூத்த நெசவாளர் ஒருவர் பருவத்துக்கு ஒரு நாள் வகுப்புக்கு வரட்டும். நாற்காலி போட்டு, ஆசிரியருக்குரிய மரியாதையோடும் அந்த நாளின் கூலிக்குக் குறையாத மதிப்பூதியத்தோடும் வரட்டும். தந்தையை ஒத்த ஒருவர் கரும்பலகை அருகே நின்று கற்பிப்பதைப் பிள்ளை பார்ப்பது எந்தக் கட்டுரையும் தராத பாடம்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு: முகூர்த்த மாதங்களின் வருகைப் பதிவை உங்கள் கூட்டத்தில் தனியாக எடுத்துப் பேசுங்கள். யார் வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பது தெருவுக்குத் தெரியும். இரண்டும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும்.

கல்வித் துறைக்கு: காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டுங்கள். வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடுகளில் ஒன்றையாவது ஊரிலிருந்தே உருவாக்கும் பொறுப்பை ஆசிரியரிடம் விடுங்கள். அதற்குப் படிவம் கேட்காதீர்கள். பிள்ளைகளின் நோட்டைக் கேளுங்கள்.

பெற்றோருக்கு: தறி உங்கள் வீட்டில் இருக்கலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் விடியற்காலை உங்கள் வீட்டுத் தறிக்குச் சொந்தமில்லை. சட்டம் அனுமதிக்கிறதே என்பீர்கள். சட்டம் அனுமதிப்பதையெல்லாம் பிள்ளையிடம் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

நெசவு அழிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நெசவு அழியாமல் இருக்க ஒரே வழி, அதைத் தேர்ந்தெடுத்து வருகிறவர்கள் இருப்பது. தறியின் கணக்கும் வேதியியலும் கூலியும் தெரிந்த ஒருத்தி, பள்ளி முடித்து, விரும்பினால் சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்துவிட்டு, வடிவமைப்பாளராகவோ நெசவாளராகவோ சங்கச் செயலராகவோ வரலாம். விரும்பாவிட்டால் மருத்துவராகட்டும், பேருந்து ஓட்டட்டும், என்னைப் போல் கணக்கு டீச்சராகட்டும். அந்த முடிவைப் பதினொரு வயதில் தறி எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், பதினெட்டு வயதில் அவளே எடுக்கத் தேவையான அறிவைக் கொடுப்பதும் நடுநிலைப் பள்ளியின் வேலை. இந்த இரண்டில் எது நடக்கவில்லையென்றாலும் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் நாம்தான்.